ஊசியைத் தூக்கும் இடம்

அன்று காலை என் கணவர் என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி, பிட்டுக்கு இன்னும் கொஞ்சம் சம்பல் இருக்கிறதா என்பதுதான். இருந்தது. வைத்தேன். சாப்பிட்டு, கை கழுவி, தட்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்தார். தட்டைக் கழுவி வைக்கும் ஆண்கள் கட்டுகஸ்தோட்டையில் எத்தனை பேர் இருக்கிறார்களோ தெரியாது. எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. திடீர் மரண விசாரணை அதிகாரி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சம்பவம் நடக்கும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? உள்ளே பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். அது உண்மை. அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தாலும் நான் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை என்பதால், இங்கே சொல்கிறேன்.

அவர் பெயர் குலேந்திரன். யாழ்ப்பாணத்தவர். பேராதனைக்குப் படிக்க வந்து, வேலையும் கண்டியிலேயே கிடைத்துத் தங்கிவிட்டவர். நான் வத்தேகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த இடத்தில் இசைத்தட்டுகள் இருந்தன.

அறுபதுகளின் சைக்கடெலிக் இசை என்றால் அவருக்கு உயிர். லண்டனுக்குப் போன அண்ணன் அனுப்பியவை ஒரு அலுமாரி நிறைய. மட்டைகளில் எழுத்துகள் உருகி வழியும். மனிதர்களுக்குத் தலைமுடிக்குப் பதில் பூ முளைத்திருக்கும். கல்யாணமான புதிதில் ஒன்றைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். சத்தம் பின்பக்கமாக இழுபட்டது. கிட்டார் தண்ணீருக்குள் முங்கி முங்கி எழும்பியது. நான் ஓடிப்போய் கரண்டை நிறுத்தினேன். துவாயோடு வெளியே வந்தார்.

“இஞ்சேரும், என்ன செய்தனீர்?”

“மெஷின் பழுதாப் போச்சுங்க. புகை வர்றதுக்குள்ள நிப்பாட்டிட்டேன்.”

“பழுது இல்லையப்பா. அதுதான் பாட்டு.”

இந்தக் கதையை அவர் வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்வார். நானும் சிரிப்பேன். எத்தனை வருஷமானாலும் அவர் அதே இடத்தில் நிறுத்தி, அதே இடத்தில் சிரிப்பார்.

எனக்கு அந்த இசை பிடித்துப்போனது ஒரு மழை மத்தியானத்தில். பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் கிட்டார் ஒன்று ஒரே சுரத்தில் கிடந்து இரைந்தது. சட்டென்று எனக்கு எங்கள் ஸ்டோர் ஞாபகம் வந்தது. ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். நாங்கள் குடியிருந்த லயத்துக்கு நேர் கீழே இருந்தது. கொழுந்து அரைக்கும் மெஷின் விடிய விடிய இரையும். நான் அந்த இரைச்சலில் தூங்கி வளர்ந்தவள். அது நின்றால்தான் விழித்துக்கொண்டு அழுவேனாம். அதே இரைச்சல், அதற்கு மேல் ஒரு மனிதன் அவசரமே இல்லாமல் பாடிக்கொண்டிருந்தான். வெங்காயம் கருகியது. நான் அடுப்பை அணைக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். “ஏங்க, அந்தப் பாட்டு எங்க ஸ்டோர் மாதிரியே இருக்கு.”

“ஸ்டோரோ? அது தம்புராச் சுருதியை வெள்ளைக்காரன் கிட்டாரில போட்டுப் பாத்தது. உமக்கு விளங்கச் சொல்லுறன், இரும்.”

விளங்கச் சொன்னார். குழம்பு ஆறும்வரை சொன்னார். நான் என்ன கேட்டேன் என்பதை, அன்றிலிருந்து அவர்தான் எனக்குச் சொல்லி வந்தார்.

அந்த அலுமாரியில் ஒரு இசைத்தட்டு. யாருக்கும் தெரியாத ஒரு குழு. இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. முதலில் மேளமும் கிட்டாரும் சண்டை பிடிக்கும்; பிறகு ஒவ்வொன்றாக ஒதுங்கும்; கடைசியில் ஓர்கன் மட்டும் தனியே மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும். அப்போது இனி என்னவோ வரப்போகிறது என்று உடம்புக்கே தெரியும். அந்த இடத்தில் என் கணவர் எழும்பிப்போய் ஊசியைத் தூக்குவார். தூக்கிவிட்டு எங்களைப் பார்ப்பார்.

“இப்ப விளங்குதோ?”

விருந்தாளிகள் விளங்குகிறது என்பார்கள். பாவம், தேத்தண்ணீர் ஆறிப்போயிருக்கும். அவர் மறுபடி முதலிலிருந்து போடுவார். எங்கள் கல்யாண வாழ்க்கை முழுவதும் அந்தப் பாட்டு ஓர்கனைத் தாண்டியதில்லை. ஒருமுறை கேட்டேன்.

“கடைசி வரைக்கும் ஒரு தடவை ஓட விடுங்களேன்.”

“அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை, தவமணி. சும்மா சத்தம். உமக்கு விளங்காது.”

தனியாக இருக்கும்போது போட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். அவர் வெளியே போகும்போது பிளேயரின் ஊசியைக் கழற்றி, பஞ்சில் சுற்றி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போவார். ஊசி ஒடிந்தால் இந்த நாட்டில் கிடைக்காதாம். சந்தைக்குப் போனாலும் ஊசி போகும். கோயிலுக்குப் போனாலும் போகும். போனில் தேடியிருக்கலாமே என்பீர்கள். அவருடைய தங்கை மகன் துஷாந்த் கனடாவிலிருந்து தேடித் தந்தான். அந்தக் குழுவின் வேறு பாட்டுகள் இருந்தன. ஒன்றின் நடுவில் சீமெந்து விளம்பரமும் இருந்தது. இந்தப் பாட்டு இல்லை.

பிறகு துஷாந்த் விடுமுறைக்கு வருவதாகச் சொன்னான். என் கணவர் அந்த இசைத்தட்டைத் துடைத்து, மட்டைக்குள் போட்டு, பிளாஸ்டிக் உறையும் போட்டார்.

“இதை அவனிட்டக் குடுத்துவிடப் போறன். இஞ்ச ஆர் இருக்கினம் இதின்ர அருமை தெரிஞ்ச ஆள்?”

நான் அவருக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

இனிக் குளவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் பிணம் எடுத்துப்போகும்போது முன்னால் தப்பு மேளம் அடித்துக்கொண்டு போவார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழியில் ஒரு பெரிய பாறை. அதில் எப்போதும் குளவி கட்டியிருக்கும். பாறை வந்ததும் தப்பு நின்றுவிடும். அழுகிறவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள். கால் சத்தம்கூடக் கேட்காது. பாறையைத் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து அழுவார்கள். குளவிக்குத் தப்பு ஆகாது. அதன் அதிர்வு கூட்டில் போய் இடிக்கும். இது எங்கள் தோட்டத்தில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். நான் சின்னவளாக இருந்தபோது வெளித்தோட்டத்திலிருந்து வந்த ஒருவர், உற்சாகத்தில் பாறையடியிலும் நிறுத்தாமல் அடித்தார். எல்லோரும் பிணத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவர் தப்பைத் தோளில் மாட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. மறுநாள் அவருக்கும் தப்படித்தார்கள். பாறை வரைக்கும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம். அதில் மிளகுக் கொடி ஏற்றியிருந்தோம். அந்த வருஷம் உச்சிக் கொப்பில் குளவி வந்து கட்டியது. பார்த்த அன்றே அவரிடம் சொன்னேன்.

“ஏங்க, பலாவில குளவி கட்டியிருக்கு. பாட்டுப் பெட்டிய அந்தப் பக்கம் திருப்பாதீங்க.”

“குளவிக்குக் காது இல்லை, டீச்சர்,” என்றார். கோபம் வந்தால் அல்ல, கேலி வந்தால்தான் என்னை டீச்சர் என்பார். “இதைப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சுப் போடாதையும்.”

நான் சொல்லிவிட்டேன் என்பதைக் கவனியுங்கள்.

துஷாந்த் வருவதற்கு முதல் நாள், அந்தப் பிட்டுச் சாப்பிட்ட காலை, மிளகு பறிக்க ஏணியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். மெதுவாகப் போய் மெதுவாகப் பறித்தால் குளவி ஒன்றும் செய்யாது. அதற்கு முன்பும் அப்படிப் பறித்திருக்கிறார். போகுமுன் அந்த இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்துப் பிளேயரில் வைத்தார். கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டுக் கொடுப்பாராம்.

“நான் ஏணியில ஏறினாப்பிறகு போடும். மெல்லமா. ஓர்கன் வரேக்க ஊசியைத் தூக்கும், மறந்திடாதையும்.”

“சரிங்க.”

எங்கள் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு. வலது பெட்டியை எனக்கு வைத்துக்கொண்டேன். இடது பெட்டியைப் பின் விறாந்தைக்குத் தூக்கிப்போய், ஒரு பலகையைக் கீழே கொடுத்து, பலா உச்சியைப் பார்க்கச் சாய்த்து வைத்தேன். வயர் கதவுக்கு அடியால் போனது. அந்தப் பாட்டில் மேளம் முழுவதும் இடது பெட்டியில் வரும். ஓர்கன் வலது பெட்டியில். இருப்பதை இரண்டு பேருக்கும் சரியாகப் பிரித்ததாகவே இன்றும் நினைக்கிறேன். சத்தத்தை முழுக்கத் திருகினேன். ஏணியில் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமே. பிறகு ஜன்னல்களைச் சாத்தி, பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். ஏன் தாழ்ப்பாள் என்று கேட்பீர்கள். குளவி உள்ளே வந்துவிடும்.

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மேளம் தொடங்கியது.

அவர் கூப்பிட்டது கேட்டது. முதலில், “சத்தத்தைக் குறையும்!” பிறகு என் பெயர். குளவி கொட்டினால் ஓடக்கூடாது, கையால் அடிக்கக்கூடாது, சாக்கோ சாரமோ எதையாவது போர்த்திக்கொண்டு தரையோடு கிடக்க வேண்டும் என்று தோட்டத்தில் சொல்வார்கள். ஜன்னலைத் திறந்து இதை அவருக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் விளக்கம் சொல்லித்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை. மேளம் ஒதுங்கியது. கிட்டார் ஒதுங்கியது. பாறையடிக்கு வந்தது போல வெளியே எல்லாம் ஓய்ந்து, உள்ளே ஓர்கன் மட்டும் நின்றது.

அப்போது அவர் கதவுக்கு வந்துவிட்டார். இரண்டு கையாலும் தட்டினார். பிளேயர் வைத்திருந்த மேசை அந்தக் கதவோடு ஒட்டி இருந்தது. பிளேயர் ஓடும்போது வீட்டில் யாரும் குதிகால் ஊன்றி நடக்கக்கூடாது என்று சட்டம் போட்டவர் அவர்தான். விருந்தாளிகளையே நுனிக்காலில் நடக்க வைப்பார். அவரே அப்படித் தட்டுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் எழும்பவில்லை. ஊசியைத் தூக்கவுமில்லை. பாட்டு அந்த இடத்தைத் தாண்டியது.

தாண்டியபின் என்ன வந்தது என்று சொல்கிறேன். ஓர்கன் ஒரு மூச்சு ஏறி, சின்னதாக ஒரு தட்டல் தட்டி, மறுபடி அதே மூச்சு ஏறியது. மறுபடி தட்டல். மறுபடி மூச்சு. ஸ்டோர் மெஷின் போல, நிற்காமல், அவசரப்படாமல். சும்மா சத்தம் என்று இதையா சொன்னார்? நான் கண்ணை மூடிக்கொண்டேன். சின்ன வயதில் லயத்தில் தூங்கியபிறகு எனக்கு அப்படியொரு நிம்மதி வந்ததில்லை. கதவில் இருந்த தட்டல் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. பாட்டில் இருந்த தட்டல் நிற்கவில்லை.

முன்கதவில் பக்கத்து வீட்டு நஸ்லியா கத்தியபோதுதான் ஊசியைத் தூக்கினேன். அவளுடைய கணவர் ஹலீம் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, தென்னம்மட்டைப் புகையோடு பின்பக்கம் போய் அவரைத் தூக்கி வந்தார். ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வரை அவர் தாங்கவில்லை.

“டீச்சர், அவர் கூப்பிட்ட சத்தம் உங்களுக்குக் கேக்கவே இல்லையா?” என்று நஸ்லியா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேம்மா.”

“யா அல்லாஹ். அந்தப் பாட்டுக்குள்ள இடி விழுந்தாலும் கேக்காதே.”

அவ்வளவுதான். அந்த இசையைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வேறெதுவும் கேட்கவில்லை. இடது பெட்டியை நான் உள்ளே எடுத்து வைத்தபோது, ஹலீம்தான் மறுபக்கம் பிடித்தார்.

அவர் இல்லாமல் வீடு பெரிதாகிவிட்டது. இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அடுக்குகிறேன். அழுகை வருகிறது. அதை நடிப்பு என்று நினைக்காதீர்கள். நல்ல மனிதர்.

விடுமுறைக்கென்று வந்த துஷாந்த், மாமாவின் செத்த வீட்டுக்கு வந்ததாகிப்போனது. எல்லாம் முடிந்தபின், இசைத்தட்டை நீங்களே வைத்திருங்கோ மாமி, மாமாவின் ஞாபகமாக, என்றான். அப்படியானால் ஒருவேளை அவசரப்பட்டிருக்கத் தேவையில்லை. அவனை உட்கார வைத்து இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். ஓர்கன் வந்தது. மூச்சு, தட்டல், மூச்சு, தட்டல். அவன் கொஞ்ச நேரம் கேட்டான். எழும்பிப்போய்க் குனிந்து பார்த்தான்.

“மாமி, இதில கீறல் விழுந்திருக்கு. ஊசி குதிச்சுக் குதிச்சு ஒரே இடத்தில சுத்துது. இனி இதுக்கு மேல ஓடாது.”

“கீறல் இல்லப்பா. அதுதான் பாட்டு,” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். இந்தக் காலத்துப் பிள்ளை. பழைய இசையின் அருமை அவனுக்குத் தெரியாது. நான் எழும்பிப்போய், அந்த இடத்தில் ஊசியைத் தூக்கி, “இப்ப விளங்குதா?” என்று கேட்டேன். விளங்குது மாமி என்றான்.

குளவிகள் அந்த வருஷ மழையோடு போய்விட்டன. மிளகை ஹலீம் பறித்துத் தருகிறார். பின்னேரங்களில் அந்தப் பக்கத்தைப் போடுகிறேன். இன்றும் அது ஓர்கனைத் தாண்டுவதில்லை.