ஒரு பக்கம் சாணை

இதோட அஞ்சாவது கத்திங்க. பாருங்க, காவடி கணக்கா வளைஞ்சுகினு நிக்குது. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு இத்த எடுத்து ரயில் ரோட்டுல வீசிடலாம்னு இருக்குது. சிரிக்காதீங்கண்ணா. அரக்கோணத்துல ரயில்வே பட்டறையில இருபது வருசமா இரும்போட கெடக்கறவரு, உங்களுக்கு இது லேசு. என் கூட்டாளி பாலமுருகன் உங்கள கூட்டியாரேன்னு சொன்னப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

லாரி ஸ்பிரிங் பட்டைதாங்க. அறுத்து, தேச்சு, கரி அடுப்புல வச்சு, காந்தம் ஒட்டாத அளவுக்குச் செவக்க உட்டுத்தான் முக்கினேன். மொத கத்திய தண்ணியில முக்கினேன், டிக்குனு வெடிச்சுப் போச்சு. அப்புறம் எண்ணெய்தான். ஆங், கொஞ்சம் சூடு பண்ணித்தான் வச்சேன். எப்பிடி முக்கினேனா? இதோ, இப்பிடி படுக்க வச்சாப்ல...

ஓ. மொனைய கீழ வச்சு நேரா எறக்கணுமா? ஆட்டறதா இருந்தாலும் மேலயும் கீழயும்தானா, பக்கவாட்டுல கூடாதா? அட, இத்த ஒருத்தனும் சொல்லலையே! போன்ல வீடியோ பாத்தா அவன் இந்தியில கத்திகினு கெடக்கறான்.

நாலாவது வளைஞ்சப்போ நிமித்தலாம்னு சுத்தியால ஒரே போடு போட்டேன். ரெண்டு துண்டு. என்னாங்க? ரெண்டு தகட்டுக்கு நடுவுல வச்சு இறுக்கி, வளைஞ்சதுக்கு எதிர்ப்பக்கமா துளி அழுத்தம் குடுத்து, மறுபடியும் லேசா சூடு காட்டணுமா? அப்பிடி செஞ்சா நிமிருமா? போங்கண்ணா, ஒரு கத்தியாச்சும் தப்பிச்சிருக்கும்.

நேரா முக்கினாலும் இது வளையும்ன்றீங்களே, அது ஏன்?

ஆங்... ஒரு பக்கம் மட்டும் சாணை புடிச்சதாலயா. ரெண்டு பக்கமும் ஒரே கனமா இருந்தாத்தான் ஒண்ணா ஆறும். சரி, மொதல்ல முக்கி எடுத்துடறேன், அப்புறமா சாணை. சூடேறாம தண்ணி தொட்டுத் தொட்டு. புரிஞ்சுதுங்க.

இல்லிங்க, கடைசியில ஒரு பக்கம்தான் புடிக்கணும். எடது கைக்குங்க இது. கடையில எத்தினியோ வாங்கியாந்தாச்சு, எல்லாம் வலது கைக்குப் புடிச்சது, அவளுக்குக் கோணிகினு போவுது, கத்திரிக்கா பாதியில சரிஞ்சு உழுது. என் சம்சாரம் சுஜாதாவுக்குத்தான். வலது கையில நாலு வெரலு தறியில போயிடுச்சு, தை மாசம். பக்கத்து வூட்டு அம்மாகிட்ட காய அரியக் குடுத்துட்டு, கைய முந்தானையில மறைச்சுகினு நிப்பா.

பவர்லூம்தாங்க, வூட்லயே. நிறுத்திட்டு, பல்சக்கரத்துல சிக்கின நூல எடுத்துகினு இருந்தா. கரண்ட் போய் வந்துச்சு, தறி தானா ஓடிடுச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னா, அவங்க அம்மாகிட்ட சொன்னா. இன்னிவரைக்கும் கேக்கறவங்களுக்கெல்லாம் அதான் சொல்லிகினு இருக்கா.

கரண்ட் அன்னிக்குப் போவவே இல்லிங்க. நான்தான் பாக்காம ஸ்விட்ச போட்டேன்.

அந்தக் கொறட்ட எடுங்கண்ணா. அடுப்புல நெருப்பு வந்துடுச்சு.