அம்மாவுக்குக் குணமாகிவிட்டது

செப்டம்பர் 18, வியாழன். இன்று மாலை நர்சிங் உதவியாளர் வகுப்பில் ஒரு தவறான பதில் சொன்னேன். சின்னத் தவறுதான், இரண்டு பாடங்களைக் குழப்பிக்கொண்டேன். வகுப்பு முடிந்ததும் நேரே எங்கள் சலவைக் கடைக்கு வந்தேன். அம்மா முன்னால் கவுன்ட்டரில் இருந்தார். பின்னறையில் அண்ணனும் நானும் விரிப்புகளை மடித்துக்கொண்டே பேசினோம். பேசியதை நினைவிருக்கும் வரை அப்படியே எழுதுகிறேன்.

— இப்படிப் பிடிச்சா மடிப்பு எப்படி நேரா வரும்? உன் பக்கத்து மூலைய இழு பாப்பா. ம், சொல்லு. டீச்சர் என்ன கேட்டாங்க?

— பதற்ற நோய் குணமாயிட்டு வர்றவங்க எப்படி இருப்பாங்கன்னு கேட்டாங்க. யாரும் கை தூக்கல. நமக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயமாச்சேன்னு நான் எந்திரிச்சேன்.

— அம்மாவச் சொல்லியிருப்ப.

— எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மான்னுதான் ஆரம்பிச்சேன். முன்னெல்லாம் வீட்டுக்குக் கிளம்பினா, தெருமுனை வரைக்கும் போயிட்டு, இஸ்திரிப் பெட்டிய அணைச்சோமான்னு திரும்பி வந்து பாப்பாங்க, இப்ப பாக்கறதே இல்லன்னேன். பையன் வேன எடுத்துக்கிட்டு டெலிவரிக்குப் போனா, எங்க இருக்க எங்க இருக்கன்னு போன் மேல போன் போடுவாங்க, இப்ப ஒண்ணுகூட இல்லன்னேன். சட்டைப் பையெல்லாம் துழாவிப் பாத்துட்டுத்தான் மெஷின்ல போடுவாங்க, இப்ப அப்படியே அள்ளிப் போடறாங்கன்னேன். எதுக்கும் பயப்படறதே இல்லன்னு சொல்லி முடிச்சேன்.

— அருமையான பதிலாச்சே.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா டீச்சர் விடல. அந்தம்மா சிரிக்கறாங்களான்னு கேட்டாங்க.

— என்ன சொன்ன?

— யோசிச்சேன். ஞாபகம் வரல. சாப்பிடறாங்களான்னாங்க. தட்டுல வெச்சா சாப்பிடுவாங்கன்னேன். வெக்கலைன்னான்னு கேட்டாங்க. கேக்க மாட்டாங்கன்னேன். உக்காரும்மா, நீ சொன்னது இந்தப் பாடத்துக்கான பதில் இல்ல, அடுத்த பாடத்துக்கானதுன்னுட்டாங்க.

— அடுத்த பாடம் என்ன?

— மனச்சோர்வு.

— சரி விடு. ஏதாவது குத்தம் சொல்லலைன்னா அவங்க டீச்சரா இருந்து என்ன பிரயோஜனம்? அடுத்த விரிப்ப எடு.

— ஒரு நிமிஷம் அண்ணா. நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்கலாம். ஆனா கேளு. பதற்றம்னா, நாளைக்கு என்ன ஆகுமோன்னு மனசு ஓடிக்கிட்டே இருக்குமாம். மனச்சோர்வுன்னா, நாளைக்குன்னு ஒண்ணு வரப்போறதே மனசுல படாதாம். சில பேருக்கு ரெண்டும் சேந்தே இருக்குமாம்.

— அதாவது, கவலைப்பட்டா ஒரு வியாதி, படலைன்னா இன்னொரு வியாதி. மனுஷன் எப்பத்தான்மா நல்லா இருக்கறது?

— இதே கேள்விய நானும் கேட்டேன். கவலை விட்டுப் போனவங்க அந்த இடத்துல வேற எதையாவது வெச்சுக்குவாங்க, நல்லாத் தூங்குவாங்க, ஊர்க்கதை பேசுவாங்க, எதுக்காவது ஆசைப்படுவாங்கன்னாங்க. அம்மா கடைசியா என்ன ஆசைப்பட்டாங்க, சொல்லு.

— அம்மா எப்பவும் எதுக்கும் ஆசைப்பட மாட்டாங்க. அதான் அவங்க பெருமையே.

— கடைசியா நம்மகிட்ட எதக் கேட்டாங்க?

— கேட்டாங்களே. நேத்து சாயங்காலம் நான் வீட்டுக்கு வர்றேன், ஹால்ல இருட்டுல உக்காந்திருக்காங்க. ஏம்மா லைட் போடலைன்னேன். போடணுமான்னு கேட்டாங்க.

— நீ என்ன பண்ண?

— சிக்கனமா இருக்காங்களேன்னு பாராட்டினேன்.

— அண்ணா.

— பாராட்டினா தப்பா? சரி, வக்கீல் விஷயத்த எடுத்துக்கோ. பேனாவோட சட்டைய மெஷின்ல போட்டு, அத்தனை வெள்ளைச் சட்டையும் நீலமாகி, மனுஷன் கவுன்ட்டர்ல நின்னு அந்தக் குதி குதிக்கறாரு. பழைய அம்மாவா இருந்தா மயக்கமே போட்டிருப்பாங்க. இந்த அம்மா அவர் கத்தி முடிக்கற வரைக்கும் அவர் சட்டைப் பொத்தானையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அவரே ஓஞ்சு போய் எங்கிட்ட வந்து, உங்கம்மா பெரிய ஞானிப்பான்னாரு.

— நீயும் ஆமான்னுட்ட.

— ஆமான்னுதான் சொன்னேன். வேற என்ன சொல்லச் சொல்ற?

— அம்மா பாக்கறதில்லைன்னா, இப்ப இஸ்திரிப் பெட்டிய யாரு அணைக்கறா?

— நான்தான். ரெண்டு தடவ சூடோட அப்படியே விட்டுட்டுக் கிளம்பிட்டாங்க. உங்கிட்ட சொல்லல, நீ பரீட்சைக்குப் படிக்கறியேன்னு. இப்பல்லாம் நான்தான் தெருமுனை வரைக்கும் போயிட்டு திரும்பி வந்து பாக்கறேன். ஏன் சிரிக்கற?

— சிரிக்கல. வீட்டுல கவலை குறைஞ்ச மாதிரி தெரியலையே, ஆள் மாறியிருக்கற மாதிரித்தான் இருக்கு.

— இத வேற யார்கிட்டயும் சொல்லிடாத. இன்னொண்ணும் சொல்றேன், கேலி பண்ணக்கூடாது. வேன ஓரமா நிறுத்திட்டு அப்பப்ப போன எடுத்துப் பாக்கறேன். சார்ஜ் போயிடுச்சோ, டவர் இல்லையோன்னு. எல்லாம் இருக்கு. அம்மாதான் கூப்பிடல.

— கூப்பிடும்போது என்ன திட்டு திட்டுவ.

— திட்டுவேன். அதுக்காக ஒரேயடியாவா நிறுத்தறது?

— டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம் அண்ணா.

— போய் என்னன்னு சொல்றது? எங்கம்மா ரொம்ப நிம்மதியா இருக்காங்க, எப்படியாவது சரி பண்ணுங்கன்னா?

— நான் வகுப்புல சொன்னத அப்படியே சொல்லலாம். எது என்னன்னு பிரிச்சுச் சொல்றது அவங்க வேலை. நானே தப்பாச் சொன்னவதானே. அம்மாவுக்குப் பதற்றம் இருக்குன்னு கண்டுபிடிச்சு மாத்திரை குடுத்த டாக்டர்தான் இருக்காங்களே. அடுத்த தடவை எப்ப வரச் சொன்னாங்க?

— அது வந்து, அதுல ஒரு சின்ன விஷயம்.

— என்ன?

— போன மாசம் ஒரு தேதி குடுத்திருந்தாங்க. நான் கிளினிக்குக்குப் போன் பண்ணி, வேணாங்க, அம்மாவுக்குக் குணமாயிடுச்சுன்னு சொல்லிட்டேன். நல்ல சேதிய நாலு பேருக்குச் சொல்லணும்ல.

— மாத்திரை?

— தீந்துடுச்சு. குணமானப்புறம் எதுக்குன்னு வாங்கல. அப்படிப் பாக்காத பாப்பா. உனக்கும் சொன்னேன். நீயும் சந்தோஷப்பட்ட.

— பட்டேன். வகுப்புல போய்ப் பெருமையாவும் சொன்னேன். இரு, அம்மா வர்றாங்க.

— முன்கதவச் சாத்திட்டேன் தம்பி. வேற ஏதாவது மடிக்கணுமா?

— இல்லம்மா, முடிஞ்சுது. நீ இப்படி ஸ்டூல்ல உக்காரு.

— இருக்கட்டும்.

— உக்காரும்மா. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். வகுப்புல இப்படி நேராக் கேக்கலாம்னுதான் சொல்லிக் குடுத்திருக்காங்க. நான் சரியாக் கேக்கறனான்னு தெரியல. உனக்கு இப்பல்லாம் எப்படிம்மா இருக்கு?

— எனக்கென்ன கண்ணு. ஒண்ணும் இல்ல.

— ஒண்ணும் இல்லைன்னா?

— ஒண்ணுமே இல்ல. முன்னெல்லாம் உள்ள ஏதாவது இரைஞ்சுக்கிட்டே இருக்கும். இவன் வேன எங்கயாவது மோதிட்டானோ, கடை பத்திக்குமோன்னு. இப்ப ஒரு சத்தமும் இல்ல. ஓடி நின்ன மெஷின் மாதிரி.

— பாத்தியா, நிம்மதி. நான் சொல்லல?

— நீ சும்மா இரு அண்ணா. அம்மா, செத்துடலாம்னு எப்பவாவது தோணுதா?

— பாப்பா, அம்மாகிட்ட கேக்கற கேள்வியா இது?

— கேக்கலாம். கேக்கறதால இல்லாத நெனப்பு புதுசா வந்துடாதாம். நீ சொல்லும்மா.

— இல்ல கண்ணு. எதுவும் பண்ணிக்கணும்னு தோணல. குளிக்கணும், தலை சீவணும்னும் தோணல. காலையில கண்ணு முழிச்சதும், எதுக்கு எந்திரிக்கணும்னு யோசிக்கறேன். பதில் வராது. அதுக்குள்ள நீ வந்து எழுப்பிடுவ.

— அண்ணா, கேட்டியா?

— கேட்டேன்.

— எங்ககிட்ட ஏம்மா சொல்லல?

— எப்படிச் சொல்றது? நான் பயப்படறத விட்டதும் வீடே கலகலன்னு ஆயிடுச்சு. இவன் பாட்டு பாடிக்கிட்டு வேன் ஓட்டறான். நீ தைரியமா வகுப்புக்குப் போற. இத்தன வருஷமா நீங்க என்னால பட்டது போதும்னு இருந்தேன்.

— ம்மா, நாளைக்கே டாக்டர்கிட்ட போயிடலாம். நான் வேன எடுத்துட்டு வர்றேன். இந்தத் தடவ நீ என்ன சொன்னாலும் நான் கேக்க மாட்டேன். உனக்கு டாக்டர்னாலே பிடிக்காது, தெரியும். ஆனா போய்த்தான் ஆகணும்.

— போனேனே தம்பி.

— எங்க?

— கிளினிக்குக்குத்தான். போன மாசம், குடுத்த தேதிக்கு. நடந்தே போனேன். இந்த மாதிரி, ஒண்ணுமே இல்லாம இருக்கே, இது என்னன்னு கேக்கலாம்னு. அங்க சீட்டு எழுதற பொண்ணு என்னப் பாத்ததும் எந்திரிச்சு வந்து கை குடுத்தா. உங்க பையன் போன்ல சொன்னாரும்மா, உங்களுக்குக் குணமாயிடுச்சாமே, எவ்வளவு சந்தோஷமாச் சொன்னாருன்னு. பக்கத்துல உக்காந்திருந்தவங்ககிட்டல்லாம் என்னக் காட்டி, இந்தம்மா மாதிரி நீங்களும் நம்பிக்கையா இருங்கன்னா. பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்னு திரும்பி வந்துட்டேன்.

— ம்மா.

— அழாத தம்பி, விரிப்பெல்லாம் துவைச்சது. நாளைக்குக் காலையில கடை திறக்க வேணாம். மூணு பேரும் கிளினிக்குக்குப் போவோம். உள்ள போனதும் நீயே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு, எங்கம்மாவுக்கு இன்னும் குணமாகலன்னு. நான் சொன்னா எடுபடாது.