கருமாதி முடிஞ்சவரு

– மெதுவாப் பேசும்மா. உள்ள மதினி படுத்திருக்கு.

– எதுக்கு மெதுவாப் பேசணும்? பெரியாசுபத்திரி பொணவறையில கெடக்குறது ஒங்க கூடப் பொறந்த அண்ணன். போலீசு போன் பண்ணுனா, எனக்கு அண்ணனே கெடையாதுன்னு வச்சிட்டீங்களாமே?

– கெடையாதுதான். எங்க பிச்சை அண்ணன் செத்து ரெண்டு வருசமாச்சு.

– அடேங்கப்பா! ரெண்டு வருசத்துக்கு முன்னாடி செத்தவரு, போன வாரம் வரைக்கும் புதுக்கோட்ட பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சுக்கிட்டு இருந்தாரா?

– அட என்னம்மா நீ, வெவரம் தெரியாமப் பேசுற. கேரளாவுக்குக் கெணறு வெட்டப் போன ஆளு. போன் இல்ல, தாக்கல் இல்ல. ஏழு வருசம் பாத்தோம். பெறகு வைக்கோல்ல உருவம் செஞ்சு, கொள்ளி வச்சு, கருமாதி பண்ணி, மதினிக்குத் தாலிய எறக்கியாச்சு. ஊரே வந்து சாப்புட்டுப் போச்சு. ஒரு ஆளுக்கு ரெண்டு தடவ கருமாதி பண்ண முடியுமா? நீயே சொல்லு.

– வைக்கோலுக்கு மேளம் வச்சு ஊருக்கே சோறு போட்டீங்க. மனுசனுக்கு ஒரு கோடித்துணி போட ஆளில்ல. நல்லாருக்குண்ணே ஒங்க ஞாயம்!

– மொதல்ல நீ யாரும்மா?

– எம்பேரு அன்புச்செல்வி. கேக்க ஆளில்லாமச் செத்தவங்கள போலீசுகிட்ட வாங்கி அடக்கம் பண்றோம், நானும் எங்க வீட்டுக்காரரும். பாதிப்பேருக்குப் பேரு கூடத் தெரியாது. அது விதின்னு போயிருவேன். ஆனா பேரு, ஊரு, தம்பி, பொண்டாட்டி அம்புட்டும் இருக்க மனுசன அனாதப் பொணம்னு சொல்லி என் கையில குடுத்தா, எனக்கு வயிறு எரியுது!

– அது எங்க அண்ணன்தான்னு எப்புடி அடிச்சுச் சொல்ற?

– டீக்கட பாலாஜிகிட்ட தெனமும் சொல்லுவாராம், எந்தம்பி தங்கமுத்து, நார்த்தாமல பக்கம்னு. கையில பொன்னுத்தாய்னு பச்ச குத்தியிருக்கு. ஒங்க மதினி பேரு என்னண்ணே?

– அது வந்து...

– சொல்லுங்க.

– பொன்னுத்தாய்.

– அப்புறம் என்ன? கூப்புடுங்க அவுங்கள.

– ஐயோ, வேணாம்மா! ஒருக்கா தாலியறுத்து மூலையில ஒக்காந்தது போதாதா? திரும்பவும் அறுக்கச் சொல்றியா? சரி, நானே வந்து கையெழுத்துப் போடுறேன். அங்கிட்டே எரிச்சிருவோம். இங்கிட்டு கொண்டாற வேணாம். மதினிக்குத் தெரியவும் வேணாம்.

– நல்லா ரோசனை பண்ணித்தான் வச்சிருக்கீங்க. பாலாஜி இன்னொன்னும் சொன்னாரு. நீங்களாச் சொல்லுவீங்கன்னு இம்புட்டு நேரம் பாத்தேன். ‘தம்பி மக ஹரிணிக்குக் கல்யாணம். முடிஞ்சதும் தம்பி வந்து கூட்டிட்டுப் போவான்’னு சொல்லிக்கிட்டே இருந்தாராம். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி செத்தவருக்கு ஒங்க மக கல்யாணத்த யாருண்ணே சொன்னா?

– யம்மா, சத்தம் போடாத.

– போடுவேன். யாரு சொன்னா?

– அண்ணன் வந்துச்சும்மா. தை மாசம். விடியக்காலம் மோட்டார் கொட்டாயில வந்து நிக்கிது. கெணத்துல தலையில அடிபட்டு, ஊரு பேரு மறந்து ஏதோ ஆசிரமத்துல கெடந்துச்சாம். நெனப்பு திரும்புனதும் கெளம்பி வந்துருச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கருமாதி முடிஞ்ச ஆளு வாசப்படி மிதிச்சா வீட்டுக்கு ஆகாதும்மா. அதுவும் கல்யாணத்த வச்சுக்கிட்டு! சம்பந்தக்காரங்க என்ன நெனப்பாங்க? ஐயரக் கேட்டு, பரிகாரம் பண்ணிக் கூட்டியாறேன், அதுவரைக்கும் யாரு கண்ணுலயும் படாம இருண்ணேன்னு சொன்னேன். சரிப்பான்னுச்சு. எதுக்குமே எதுத்துப் பேசாது.

– கல்யாணம் எப்ப முடிஞ்சுச்சு?

– மாசியில.

– இப்ப ஆடி!

– மறுவீடு, விருந்து, அப்புறம் புள்ள உண்டாயிருக்குன்னாங்க. அப்புடியே தள்ளித் தள்ளிப் போயிருச்சு. நான் என்ன, அது சாகணும்னா நெனச்சேன்?

– நெனச்சுக் கொன்னாத்தான் கொலையா? செத்தவங்களுக்கு அமாவாசைக்கு அமாவாசை படையல் போடுறீங்க. உசுரோட வந்து நின்ன மனுசனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க நல்ல நாள் பாத்தீங்களா? தூ! என்ன சென்மம்ய்யா நீங்க?

– தங்கமுத்து.

– மதினி! நீங்க எதுக்கு எந்திரிச்சு வாரீங்க? உள்ள போங்க.

– எல்லாங் கேட்டேன். எனக்கு அந்தப் பொண்ணுகிட்ட பேசணும். ஏம்மா, அவுகளுக்குத் தாடி இருந்துச்சா?

– இருந்துச்சுக்கா. நெஞ்சு வரைக்கும்.

– எடது காலு?

– இழுத்து இழுத்துத்தான் நடப்பாராம்.

– ம். செத்த இரு, சேலைய மாத்திட்டு ஒங்கூட வாரேன். கையெழுத்து நான் போடுறேன். கொள்ளியும் நாந்தான் வைப்பேன்.

– மதினி, பொம்பள சுடுகாட்டுக்குப் போறதா? ஊரு காறித் துப்பும். நானும் வாரேன்.

– நீ அவுக பக்கத்துல வந்தே, நடக்குறதே வேற.

– ஏன் மதினி இப்புடிப் பேசுறீங்க? எனக்கு மட்டும் அண்ணன் மேல பாசம் இல்லையா? ஒங்களையும் இத்தன வருசமா ஒரு கொறையில்லாம வச்சுக்கலையா?

– வச்சுக்கிட்டே. கீரனூரு மண்டபத்துல ஒம் மகளுக்குத் தாலி கட்டுறப்ப, நீங்க முன்னாடி வரக்கூடாது மதினின்னு, எச்செல போடுற எடத்துல கொண்டுபோய் ஒக்கார வச்சே. அங்கிட்டு ஒரு தாடிக்காரரு காலை இழுத்துக்கிட்டு வந்தாரு. யாரோ பிச்சக்காரருன்னு எலையில சோத்தப் போட்டு நீட்டுனேன். வாங்கல. என் வெறுங்கழுத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. கம்மிப்போன கொரலு, ஒரே ஒரு வார்த்த கேட்டாரு.

– என்னக்கா கேட்டாரு?

– ‘ஒன் புருசன் எங்க’ன்னாரு. செத்துட்டாருன்னேன். அவுக மூஞ்சியப் பாத்து, என் வாயாலயே அதச் சொல்ல வச்சிட்டியேடா பாவி!