ஃப்ரிட்ஜ் மேல ஒரு சர்வர்

...ஸ்பீடுல எல்லாம் குறையே சொல்ல முடியாது அண்ணா. புதுசா குடிவந்த வீட்டுக்கு எந்த நெட் கனெக்ஷன் போடலாம்னு கேட்டீங்களே, அதுக்குத்தான் சொல்றேன். உங்க வீட்டுலேர்ந்து உலகத்துல எங்க வேணா போகலாம். உலகம் உங்க வீட்டுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான். வீட்டை வாடகைக்கு விட்டுட்டு, விருந்தாளியே வரக்கூடாதுங்கற மாதிரி. ஆங், இந்த அபார்ட்மென்ட் சொசைட்டியிலயும் அந்த ரூல் உண்டு. உங்ககிட்ட சொல்லலையா? சொல்வாங்க.

எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒரு பழைய லேப்டாப் இருக்கு. ஸ்கிரீன் போனது. அதுதான் சர்வர். ரொம்ப பயங்கரமான சர்வர். உள்ள என்னன்னா, இங்க போபோடியில இருக்கற எங்க தமிழ் சர்ச் பாட்டுங்க, இங்கிலீஷ் எழுத்துல. எங்க கொயர்ல பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. பேசுவோம், திட்டுவோம், வாசிக்க மட்டும் வராது. அந்த லேப்டாப்லேர்ந்து போன்ல திறந்து வச்சுக்கிட்டுதான் பாடுவோம். இந்த வாரம் நெட் கம்பெனிக்காரன் வெளியிலேர்ந்து அதுக்குள்ள வர்ற வழியை அடைச்சுட்டான். வீட்டு பிளான்ல சர்வர் வைக்கக்கூடாதாம், "அலவ்ட் நஹி ஹை மேடம்." பிஸினஸ் பிளான் எடுக்கணுமாம். ஸ்தோத்திரம் பாடுறது என்ன பிஸினஸா?

நாளைக்கு சர்ச்சுல அறுப்பின் பண்டிகை. பாட்டெல்லாம் புதுசு. கொயர் லீடர் பாக்கியவதி ஆன்ட்டி காலையிலேர்ந்து போன் மேல போன். "ஏ கரோலின், நாளைக்கு என்ன, வாயை மட்டும் அசைக்கணுமா?"

வாட்ஸப்பா? அனுப்பலாம்தான். எல்லாரும் அதையேதான் சொல்றீங்க. அனுப்பிட்டா கம்பெனி ஜெயிச்ச மாதிரி ஆயிடாதா? நான் லா படிக்கிறேன் அண்ணா.

கம்பெனிக்கு எப்படித் தெரிஞ்சுதா... அது வந்து... சர்வீஸ் திருப்தியா இருக்கான்னு கேக்க ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. ஆமான்னு சொல்லியிருந்தா போனை வச்சிருக்கும், பாவம். அப்லோடு மட்டும் ஏன் இவ்வளவு கம்மின்னு நான் கேட்டேன். வீட்டுல எதுக்கு மேடம் அப்லோடுன்னுச்சு. சர்வர் இருக்குன்னேன். அதுக்குப் புரியலை. விட்டிருக்கலாம். புரியற மாதிரி படம் வரைஞ்சு மெயில் போட்டேன். அதோட மேலதிகாரிக்கும் ஒரு காப்பி.

சரி, அதை விடுங்க. நீங்க எந்த கனெக்ஷன் எடுத்தாலும் இன்னைக்கு சாயந்திரமே வந்து மாட்டிடுவாங்க. அந்த லேப்டாப்பை உங்க ஃப்ரிட்ஜ் மேல வச்சுட்டா... சத்தமே வராது அண்ணா. கம்பெனியிலேர்ந்து யாராவது கேட்டா நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். போனை என்கிட்ட குடுங்க, நான் பேசிக்கிறேன்...

அண்ணா, லிஃப்ட் வந்துடுச்சு. ஏன் படியில போறீங்க? உங்க வீடு ஆறாவது மாடி அண்ணா.