கையால் திருப்பின பீரங்கி

எண்பத்தாறாயிரத்து இருநூறு ரூபா. செத்துப்போன றுவைசுக்கு வர வேண்டிய கூலி அது. அந்தக் காசுக்காகத்தான் ஞானசேகரம் இரவு ஒன்றே முக்காலுக்கு, ஓர்ஸ் ஹில் இறக்கத்தால் தனியாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. துறைமுகப் பக்கமிருந்து டீசலும் சேறும் கலந்த மணம்... வேறொன்றும் இல்லை.

கிட்ட வந்து இருங்கள். ஞானசேகரம் என்னோடு மூட்டை இறக்கும் சோமசேகரத்தின் சொந்தத் தமையன். வெல்டிங் வேலை. றுவைஸ் கிண்ணியாப் பொடியன், பன்னிரண்டு வருசம் அவரோடு ஒன்றாக இரும்பு ஒட்டினவன்.

ஒரு படக் கம்பெனி வந்தது. வெளிநாட்டுக்காரரின் பழைய சண்டையைப் பற்றிய படம். அதற்கு ஒரு ஜேர்மன் யுத்த டாங்கி வேண்டுமாம். துறைமுகத்துக் கரையில் ஒரு வளவை வாடகைக்கு எடுத்து, பழைய புல்டோசர் ஒன்றின் அடிக்கட்டைக் கொண்டுவந்து போட்டு, இதற்கு மேலே தகட்டால் கட்டுங்கள் என்றார்கள். மனேச்சர் கிருஷாந்த் என்று ஒரு கொழும்புப் பிள்ளை. கையில் படப்புத்தகம். எழுத்து இவர்களுக்கு விளங்காது. படம் விளங்கும்.

முதலில் கட்டியது கட்டைப் பீரங்கி. அம்மிக் குழவியைவிடக் கொஞ்சம் நீளம். கட்டி, பூச்சும் அடித்த பிறகு கிருஷாந்த் வந்தார். கதையில் வருசம் மாறிவிட்டதாம். அந்த வருசத்தில் ஜேர்மன்காரன் ரஷ்யாவுக்குப் போய், அங்கத்தைய டாங்கியை இந்தக் கட்டைப் பீரங்கியால் துளைக்க ஏலாமல் நீளப் பீரங்கி வைத்தவனாம். சரி, அறுத்துப்போட்டு நீளமாக வைத்தார்கள். பிறகு இன்னொரு வருசம். முன்பக்கம் தகட்டுக்கு மேல் தகடு. பார்க்கிற ஓட்டைகளை அடைக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் பாவாடை மாதிரித் தொங்கும் தகடு. உண்மையான டாங்கிக்கும் இதுதான் நடந்ததாம். அடிக்கட்டும் எஞ்சினும் பெரிதாக மாறவில்லை, மேலே மட்டும் பாரம் ஏற்றிக்கொண்டே போனார்களாம். முன் சில்லுகள் தாங்க ஏலாமல் தேய்ந்துபோயினவாம். றுவைஸ் அதைக் கேட்டுச் சிரித்தானாம். எங்கட சங்கதிதான் அண்ணன் என்றானாம்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுக்கூலி இல்லை. கடைசி வடிவம் சரிவந்த பிறகு எல்லாம் சேர்த்துத் தருவோம் என்றார்கள்.

கடைசி வடிவமும் வந்தது. பீரங்கிக் கூண்டைத் திருப்பும் மோட்டரைக் கழற்றச் சொன்னார் கிருஷாந்த். யுத்தம் முடியும் தறுவாயில் ஜேர்மன்காரனும் மோட்டரைக் கழற்றிவிட்டு எண்ணெய்த் தாங்கி வைத்தவனாம், உள்ளே இருக்கிறவன் கையால் சுற்றித் திருப்பினவனாம். இங்கே எண்ணெய்த் தாங்கியும் இல்லை, ஒன்றும் இல்லை. மோட்டர் வாடகைச் சாமான், அன்றைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

உள்ளே போய்க் குந்துவதற்குச் சின்ன உடம்பு வேண்டும். றுவைஸ் போனான்.

படம் எடுத்தது இறக்கக்கண்டி ஊருக்கு அங்கால், வெறும் மணல் வெளியில். வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்குப் போகலாம் என்று காலையிலேயே அத்தர் பூசிக்கொண்டு வந்தவன். மேல்மூடி ஆடிச் சத்தம் போடுகிறது என்று அதை வெளியிலிருந்து போல்ட் போட்டு இறுக்கினார்கள். இறுக்கினது ஞானசேகரம். உள்ளே கூப்பிட்டால் கேட்காது. அதனால் சுத்தியலால் தட்டுவது. ஒரு தட்டு வலப்பக்கம், இரண்டு தட்டு இடப்பக்கம். மூன்று தட்டினால் வேலை முடிந்தது, மூடி திறக்கப்போகிறது.

பத்தரைக்கு ஏறினவன். பன்னிரண்டு மணிக்குச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஞானசேகரம் கிருஷாந்தின் வான் வண்டியடிக்குப் போனார். காசு கேட்க.

"தம்பி, பெருநாள் வருது. எனக்குப் பிந்தினாலும் பரவாயில்லை, அவன்ர காசையாவது குடுங்கோ."

"முதல்ல படம் எடுத்து முடியட்டும் அண்ணை. அங்க பாருங்கோ, என்ன வடிவாத் திரும்புது."

ஞானசேகரம் பார்த்தார். தூரத்தில், கானல் அடிக்கிற மணலில், பீரங்கி வலப்பக்கம் போனது... இடப்பக்கம் வந்தது... திரும்ப வலப்பக்கம். தட்ட அங்கே ஒருத்தரும் இல்லை. அது அவருக்கு அந்த நேரம் படவில்லை. காசுக் கதை ஒரு மணித்தியாலம் இழுபட்டது. கமெராக்காரனும் அதை முழுக்கப் படம் பிடித்தான். நல்லாயிருந்ததாம்.

மூடியைத் திறக்கும்போது றுவைஸ் முழங்காலை நெஞ்சோடு மடக்கி, கைபிடியைப் பிடித்தபடி இருந்தான். உள்ளங்கையில் தோல் இல்லை. வெயிலில் இதயம் நின்றது என்று எழுதினார்கள். பத்து நாளில் கம்பெனி போனது, அடிக்கட்டும் போனது. கிருஷாந்தின் போனும் செத்தது. கடைசியாக ஒரு செய்தி மட்டும். காசு இல்லை, டாங்கிக் கூட்டை எடுத்து வித்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

வளவுக்காரர் விடிய ஆறு மணிக்குள் அதை அகற்றச் சொல்லிவிட்டார். ஐந்து மணிக்கு இரும்புக்கடை லொறி வரும். அதுதான் அந்த இரவு, அந்த இறக்கம்.

கட்டைகளுக்கு மேல் தூக்கி வைத்த வெறும் கூடு. ஞானசேகரம் காஸ் கட்டரைக் கொளுத்தினார். நெருப்பைத் தகட்டுக்குக் கொண்டுபோகும்போது...

கிறக்.

நிறுத்தினார். எலி என்று நினைத்தார்.

கிறக்... கிறக்... கிறக்...

பீரங்கி திரும்பிக்கொண்டிருந்தது. மெல்ல. வலப்பக்கம்... நின்றது... இடப்பக்கம். சூடேறின பூச்சின் மணம் வந்தது. வியர்வை. பிறகு அத்தர்.

ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கால் வரவில்லை என்றுதான் சோமசேகரத்திடம் சொன்னாராம். கட்டரை அணைத்தார். சுத்தியலைத் தேடி எடுத்தார். அன்றைக்குத் தட்டாததைத் தட்டினார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

சத்தம் நின்றது.

ஏறி போல்ட்டைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே ஒருவரும் இல்லை. கைபிடியைத் தொட்டார், தொட ஏலாத சூடு. அப்போது அவருடைய காதடியால் ஒரு பெருமூச்சு போனது. ஒரு ஆள் குதித்து இறங்கினால் ஆடுவது போலக் கூடு ஒருக்கால் ஆடி... அடங்கியது.

விடியும்வரை அழுது அழுது அறுத்தார். இரும்புக்கடைக்காரன் நிறுத்துப் பார்த்து அறுபத்தோராயிரம் கொடுத்தான். ஒரு சதம் தனக்கு எடுக்காமல் அப்படியே கிண்ணியாவுக்குக் கொண்டுபோனார்.

றுவைசின் பெண்சாதி றிஷானா இத்தாவில் இருந்தா. புருசன் செத்தவ பிற ஆண்களுக்கு முகம் காட்டக் கூடாத நாட்கள். திரைக்குப் பின்னால் குரல் மட்டும். அவவின் தங்கச்சி ஹுஸ்னியா காசை வாங்கி உள்ளே கொடுத்தா. ஞானசேகரம் எவ்வளவு கொண்டுவந்தார் என்று சொல்லவில்லை. உள்ளே எண்ணுகிற சத்தமும் கேட்கவில்லை. மிச்சத்தைப் பற்றிக் கதைக்க வாயெடுத்தார்.

"மிச்சம் இருபத்தையாயிரத்து இருநூறு வேணாமாம்" என்றது திரைக்குப் பின்னால் இருந்த குரல். "ராவு சொன்னாரு. உங்கள்ள கடன் ஒண்டும் இல்லையாம். இதோட விடட்டாம்."

றிஷானா தொடர்ந்து சொன்னா.

"அவருட கையைப் பார்க்க ஏலல்ல அண்ணன். எண்ணெய் போட்டு விட்டன். நிமிர்ந்து இரிங்க எண்டன்... நிமிரல்ல."

ஹுஸ்னியா தேத்தண்ணி கொண்டுவந்தா. தட்டில் இரண்டு கோப்பை. ஒன்றை ஞானசேகரத்தின் கையில் கொடுத்தா. மற்றதைக் கதவு மூலைக்குக் கொண்டுபோய், அந்தப் பக்கம் பார்க்காமல், கீழே தரையில் வைத்தா. குந்தி இருக்கிற ஒருத்தனுக்குக் கை எட்டுகிற தூரத்தில்.