குரல் உரிமை

– அன்னிக்குக் காலையில எழுந்தேன். பல் தேய்ச்சேன். பால் காய்ச்சினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

– அதுக்கப்புறம்தான் அக்காவோட ரெக்கார்டிங் ரூம் கதவைத் திறந்தீங்களா மாமா?

– ஆமா. படிச்ச களைப்புல மேஜை மேலயே தூங்கறாள்னு நினைச்சேன். அடிக்கடி அப்படித் தூங்குவா.

– ஹார்ட் நின்னா வலியே தெரியாதுன்னு டாக்டர் சொன்னாரே.

– ம்.

– மொதல்ல லைட்டைப் போடுங்க. ஸ்விட்ச் சத்தமே கேக்கல.

– உனக்கு எதுக்குடா லைட்டு?

– எனக்கா? நீங்கதானே கையெழுத்துப் போடணும். கண்ணு தெரியாத நானே நேரா போடுவேன். உங்களை நம்ப முடியாது.

– இன்னொரு நாள் பாக்கலாம்.

– எப்ப? அவ இன்ஷூரன்ஸ் பணம் பூரா பார்வையற்றோர் நூலகத்துக்குப் போச்சு. நீங்க முனகக்கூட இல்ல.

– என்னைக் கேட்டுட்டுத்தான் எழுதி வெச்சா. "குடு, குடு"ன்னு சிரிச்சேன். சாவெல்லாம் வேற வீட்டு சமாச்சாரம்னு நினைப்பு.

– அவங்களுக்காக அவ படிச்சுப் பதிவு பண்ணின புத்தகங்களோட குரல் உரிமையையும் நூலகத்துக்கே குடுக்கணும்னு சொன்னாளே? வாரிசு நீங்க. நீங்க எழுதிக் குடுக்காம இனிமே ஒண்ணையும் வெளிய விட முடியாது. கடைசிப் புத்தகம் பாதியில நிக்குது. கதையில வர்ற அந்தப் பொண்ணு வீடு திரும்பினாளா இல்லையான்னு ஆளாளுக்கு போன் போட்டு என் உசிரை எடுக்கறாங்க.

– கடைசி அத்தியாயம் என்கிட்ட இருக்கு.

– தெரியும். குடுங்க, வெட்டி சுத்தம் பண்றேன். அதுக்குத்தானே எனக்குச் சம்பளம். உங்க வீட்டு குக்கர் விசில், உங்க தும்மல், எவ்வளவு வெட்டியிருக்கேன்! ஒரு கதையில கொலை நடக்கற எடத்துல "என் துண்டு எங்க?"ன்னு கத்தறீங்க.

– வெட்டணும்னா நீ கேக்கணும்.

– கேக்காம எப்படி வெட்டறது?

– அதான் குடுக்கல.

– மாமா... வலியில கத்தறாளா?

– இல்ல.

– மறைக்காதீங்க. படுத்தா அதே நினைப்புதான்.

– கத்தலடா. படிச்சுக்கிட்டே இருக்கா. பாதி வரியில நிக்குது. அவ்வளவுதான்.

– அப்புறம் நான் கேட்டா என்ன?

– அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, கதவுக்கு வெளிய நின்னு நான் கூப்பிடறேன். அவ பதில் சொல்றா. அதுக்கப்புறம் வர்றதெல்லாம் புத்தகத்துல இருக்கறது. அவளா பேசினது அதோட சரி.

– அந்த எடத்தை என்ன பண்ணட்டும்?

– வெட்டு. வெட்டினதை எனக்குக் குடு. புத்தகத்துல மிச்சத்தை வேற யாராவது படிக்கட்டும். பேனா எங்க, கொண்டா.

– என்ன மாமா சொன்னா?

– "நீ போய்ப் படு. இன்னும் ஒரு பக்கம்தான், முடிச்சிட்டு வந்துடறேன்."