பிணைக்கு ஒரு கையெழுத்து

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு நூலகரும் அவருடைய உதவியாளப் பெண்ணும் இருந்தார்கள். நூலகர் மடியில் ஒரு கட்டுப் போஸ்டர்.

“தோட்டத்து லயமெல்லாம் ஒட்டுவம், பிள்ளை. எல்லாரும் நூலகத்தில அங்கத்தவராச் சேரட்டும்.”

“போன வருஷமும்தான் ஒட்டுனோம், சேர். வந்தவங்க ஃபோமைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க.”

“ஏன்?”

“பிணைக்குச் சொந்த வீடு உள்ளவங்க கையெழுத்து வேணும்னு போட்டிருக்கீங்களே! நாங்க குடியிருக்குற லயத்து வீடெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். தோட்டத்துல யாருக்குங்க சேர் சொந்த வீடு இருக்கு? மொதல்ல அத மாத்துங்க, அப்புறம் ஒட்டலாம்.”

“அது பிரதேச சபைச் சட்டம், என்னால மாத்தேலாது. தெரிஞ்ச ஆரிட்டையாவது வாங்கலாம்தானே? நீர் ஆரிட்டை வாங்கினனீர்?”

“நான் எங்க சேர் வாங்குனேன்? ஆறு வருஷமா அங்க புத்தகம் அடுக்குறேன், எனக்கே இன்னும் லைப்ரரி கார்ட் இல்ல.”